கொழுந்துச் சாறும் லெட்சுமி அக்காவின் காலும்

போன் கடைக்காரனிடம் போனைப் பழுது பார்க்க வருபவர்களை விட, போனில் வந்ததைப் பழுது பார்க்கச் சொல்லி வருபவர்கள்தான் அதிகம்.

கொட்டகலை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருப்பது என் சின்னக் கடை. போனுக்குக் காசு ரீலோட் போடுவேன், உடைந்த கண்ணாடி மாற்றுவேன். இதெல்லாம் போர்டில் இருக்கிறது. போர்டில் இல்லாத வேலை ஒன்று உண்டு: "இந்த வீடியோ உண்மையா?" என்று நீட்டப்படும் போனைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. உங்கள் குடும்ப குரூப்பிலும் காலையில் வணக்கமும் மத்தியானம் மூலிகையும் அனுப்பும் சித்தப்பா ஒருவர் இருப்பார். ஆகவே என் பாடு உங்களுக்குப் புரியும்.

எங்கள் தோட்டத்துப் புலி

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு சிறுத்தை, எங்கள் பேச்சில் புலி, நிதானமாக நடந்து போகும் வீடியோ. கடைக்கு எதிரே த்ரீவீல் ஓட்டும் செல்வம், அது தான் குடியிருக்கும் தோட்டம் என்றான். பஸ்ஸுக்கு நின்ற லிந்துலைக்காரர் ஒருவர், தங்கள் தோட்டம் என்றார். புலி வந்தால் ஓடி ஒளிகிறவர்கள், வீடியோவில் வந்தால் பங்குக்கு வருகிறார்கள். கவ்வாத்து வெட்டி மட்டம் தட்டிய செடி எத்தனை உயரம், மழைத்தண்ணீர்க் கான் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சாட்சியமெல்லாம் பலமாக நடந்தது.

நான் வீடியோவைக் கடைசி வரை ஓட்டினேன். ஒரு போர்டு வந்தது. தமிழுமில்லை, சிங்களமுமில்லை, இங்கிலீஷுமில்லை. யாருக்கும் படிக்கத் தெரியாத ஏதோ ஒரு நாட்டு எழுத்து. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். செல்வம் போர்டை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "எங்க தோட்டத்துத் தொரை புதுசா வச்ச போர்டா இருக்கும்ணே."

கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர்

லெட்சுமி அக்கா மேல் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், உண்டு. கவ்வாத்து வெட்டிய கட்டை காலில் குத்தி, அந்தப் புண் ஆறாமலே இருந்தது. வீடியோவில் சத்தம் குறைவாகக் கேட்கிறது என்று போனைக் கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தேன். கோட்டு போட்ட ஒருவர் பூந்தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, சீனி குறையப் பச்சைத் தேயிலைக் கொழுந்தை அரைத்து வெறும் வயிற்றில் குடியுங்கள், மாத்திரைகளை வீசிவிடுங்கள் என்றார். அக்கா வீசியே விட்டாராம்.

வேறு ஊரில் இதைப் பார்ப்பவர்கள் கொழுந்துக்கு எங்கே போவார்கள்? எங்கள் ஆட்களுக்கு லயத்து வீட்டுக் கதவைத் திறந்தால் கொழுந்து. கடையில் நின்றவர்களும் விவாதத்தில் இறங்கினார்கள். சாறு வேலை செய்யுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எந்த மலைக் கொழுந்து நல்லது, பூச்சிமருந்தடித்த மலையை எத்தனை நாள் விட வேண்டும் என்பதுதான் வாதம். செல்வத்தின் கட்சி மேமலைக் கொழுந்து.

எனக்குக் கோபமே வந்தது. ஒரு டாக்டர் பேசிய வீடியோவைத் தேடிப் போட்டேன். அக்கா மரியாதையாக முழுவதும் பார்த்தார். பிறகு சொன்னார்: "இவரு படிச்சவருதாங்க தம்பி, இல்லேங்கல. ஆனா பேப்பரப் பாத்துப் பேசுறாரு. அந்தக் கோட்டுக்காரரு என் கண்ணப் பாத்துப் பேசுறாரு. டிஸ்பென்சரியில கூட என்னைய யாரும் அப்பிடிப் பாத்ததில்ல."

சத்தம் இருக்கட்டும்

மேரி அக்கா, லெட்சுமி அக்காவுக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவர். ஒரு நாள் முகம் வாடி வந்தார். லெட்சுமியால் செருப்புப் போட முடியவில்லை, விரல் கறுத்துக்கொண்டு வருகிறது, ஆஸ்பத்திரி என்றாலே சண்டைக்கு வருகிறாள் என்றார். "வீடியோ சொன்னாத்தான் கேப்பா. அப்ப நாமளே ஒன்னு போட்டுருவோம்" என்றார். எனக்குத் தயக்கம். ஏற்கெனவே இருக்கிற குப்பையில் இன்னும் ஒன்றா?

மறுநாளே தோட்டத்தில் வீடியோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். தலையில் பறிக்கிற சாக்கைத் தொங்கவிட்டபடி, சக பெண்களோடு மேரி அக்கா முன்னால் நிற்கிறார். "அன்பார்ந்த மலையக உறவுகளே" என்று ஆரம்பித்தவருக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. அப்புறம் சொந்தக் குரல் வந்தது: "ஏண்டி லெட்சுமி, ஒன்னத்தாண்டி! அந்தக் கோட்டுக்காரன் வந்து ஒன் நிரையப் பறிப்பானா? நீ இல்லாம எங்களுக்குக் கை ஓடல. மாத்திரையப் போடு. நாளைக்கு நாங்க வேலைக்குப் போகல, ஒன்னயக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்." சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் கங்காணி, "அங்க என்ன கூட்டம்?" என்று கத்துகிறார்.

கங்காணியை வெட்டிவிடுகிறேன் என்றேன். மேரி அக்கா தடுத்தார்: "வேணாங்க தம்பி, அது இருக்கட்டும். அந்தச் சத்தம் இல்லாட்டி நம்ம மலைன்னு அவ நம்ப மாட்டா."

பேர் சொல்லி

வீடியோ தோட்டத்து குரூப்பில் போனது. சிரித்தவர்கள் உண்டு, வேலை நேரத்தில் படம் எடுக்கலாமா என்று சட்டம் பேசியவர்கள் உண்டு. செல்வம் மட்டும், மேமலைக் கொழுந்தை முயற்சி செய்து பார்த்தீர்களா என்று எழுதினான். லெட்சுமி அக்காவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. மேரி அக்காவும் கடைப்பக்கம் வரவில்லை. எனக்குப் பயமாகவே இருந்தது.

ஒரு மழை நாளில் இருவரும் வந்தார்கள். லெட்சுமி அக்காவின் காலில் பெரிய கட்டு. ஒரு விரலை எடுத்துவிட்டார்களாம். இன்னும் தாமதித்திருந்தால் காலே போயிருக்குமாம். ஸ்டூலில் உட்கார வைத்தேன். மேரி அக்காவின் வீடியோ போனிலிருந்து எந்தக் காலத்திலும் அழியாமல் வைத்துத் தரச் சொன்னார். கோட்டுக்காரரை அழித்துவிடவா என்று கேட்டேன். அவர் பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். பிறகு மேரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எத்தன வீடியோ பாத்திருப்பேன் தம்பி. எல்லாரும் அம்மான்னாங்க, சகோதரின்னாங்க. பேரச் சொல்லி ஏசுனது இவளுக மட்டுந்தான்."

வீடியோ இப்போது லிந்துலை வரை போய்விட்டது. அதில் கத்துவது தங்கள் தோட்டத்துக் கங்காணிதான் என்று அங்கே சாதிக்கிறார்களாம், செல்வம் தன் தோட்டத்துக் கங்காணியை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.