இரண்டு பாட்டுக்கு நடுவில் அம்மா

அன்றைக்கு அங்கே இருந்தது நாலு பேர். நான், என் தங்கச்சி ஸ்டெல்லா, அவள் வீட்டுக்காரர் அந்தோணி, கறிவேப்பிலை கேட்டு வந்து போகாமல் உட்கார்ந்துவிட்ட எதிர்வீட்டு ஜெயராணி அக்கா. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஒரு லேப்டாப். ஸ்டெல்லா மகள் ஜெனி சென்னைக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போனது. அதைக் கெடுத்தவன் நான்தான் என்று எனக்கு மட்டும் தெரியும் என நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்குமே தெரிந்திருந்தது.

கெடுத்தது என்றால் உடைக்கவெல்லாம் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். கம்ப்யூட்டரில் எனக்கு இரண்டே சட்டம். இங்கிலீஷில் கேள்வி கேட்டால், சரி. கேள்வி கேட்காமல் ஏதாவது சொன்னால், மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அமுக்கி மூடிவிட வேண்டும். ஒருநாள் கரண்ட் பில் கட்டத் திறந்தபோது, புதுசாக மாறிக்கொள்ளவா என்று அது கேட்டது. மாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகுமோ என்று பயம். சரியை அமுக்கினேன். வெகுநேரம் வட்டம் சுற்றிவிட்டு, வெள்ளையடித்த வீடு மாதிரி எழுந்து நின்றது. போன வருஷம் வரை ஓடிக்கொண்டிருந்த ஸ்டெல்லாவின் கல்யாண டிவிடி அதற்கப்புறம் ஓடவில்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்ததற்கு மறுநாள் அம்மாவுக்கு நினைவுப் பூசை. ஒவ்வொரு வருஷமும் முந்தின நாள் இந்த டிவிடியைப் போடுவது எங்கள் வழக்கம். அம்மாவின் குரல் இருப்பது உலகத்திலேயே அதில் மட்டும்தான். கல்யாணம் முடிந்த மறுவருஷமே அம்மா போய்விட்டாள். அப்போது போனில் படம் பிடிக்கிற காலமெல்லாம் வரவில்லை.

"டிஸ்க்குல உப்பு ஏறியிருக்கும் மச்சான். கிரேனையே திங்கிற காத்து, இந்தத் தகட்டயா விடும்?" என்றார் அந்தோணி. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். எதையும் மேலே இருந்து பார்த்துத்தான் பேசுவார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் துடைத்தார். ஓடவில்லை. பற்பசை வைத்துத் தேய்த்தால் கோடெல்லாம் போய்விடும் என்றாள் ஜெயராணி அக்கா. தேய்த்தோம். டிஸ்க்குக்கு வாய் மணத்ததே தவிர படம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் திரையில் ஒரு பெட்டி வந்து ஏதோ சொன்னது. நான் மூடினேன்.

திரும்பத் திரும்பப் போட்டதில் லேப்டாப் சூடாகி, தூசி கருகுகிற வாடை வந்தது. எனக்கு அது பழகின வாடை. பள்ளிக்கூடத்தை விட்டதும் வீடியோ மாஸ்டர் ஒருவரிடம்தான் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் கேமரா பிடிப்பார், நான் லைட் பிடிப்பேன். அந்த லைட் இருக்கிறதே, அடுப்பை ஒரு கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு நடப்பது மாதிரி. பொண்ணு போட்ட பவுடர் உருகும், மாலை துவளும், அத்தைமார்கள் என்னை ஏசுவார்கள். வயர் வெடித்துவிடுமோ என்று எந்நேரமும் எனக்குக் கை நடுங்கும். அந்த நாளில் எங்கள் மாஸ்டர் எடுத்த கல்யாண வீடியோக்களில் சனங்கள் வள்ளத்தில் நிற்பதுபோல வெளிச்சத்தில் ஆடுவார்கள். அந்த அலை நான்தான்.

மாஸ்டர் வீடியோ முழுக்கப் பாட்டைப் போட்டு மூடிவிடுவார். காரணம் உண்டு. ஒரு கல்யாணத்தில், கறியில் வெறும் எலும்புதான் கிடக்கிறது என்று மாப்பிள்ளையின் சித்தப்பா பக்கத்து ஆளிடம் சொன்னது அப்படியே பதிவாகிவிட்டது. இரண்டு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும்போது அந்த இடம் வந்தது. டீ தம்ளர் பறந்ததை நான் பார்த்தேன். "கல்யாண வீட்ல பேசுத பேச்சு எவனுக்குலே ஆவும்? பாட்டப் போடு" என்று அன்றைக்கு முடிவெடுத்தவர், நானே லைட் பிடித்த என் தங்கச்சி கல்யாணத்துக்கும் சட்டத்தை மாற்றவில்லை. ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்க, மூச்சு விடுகிற அளவுக்கு இடைவெளி விடுவார். அந்த இடைவெளி ஒன்றில்தான் அம்மா இருக்கிறாள். மாஸ்டர் இப்போது இல்லை. அவர் கடையில் போன் உறை விற்கிறார்கள்.

கடைசியில் ஸ்டெல்லா ஜெனிக்குப் போன் போட்டாள்.

"மாமா, பெட்டி ஒண்ணு வருதுல்லா, அதுல என்ன போட்டிருக்கு?"

"மூடிட்டேனே."

"படிக்காமயா?"

"கடன்காரன் வந்த ஒடனே கதவச் சாத்துத மாதிரி சாத்திருதாவ ஒங்க மாமா" என்றாள் ஸ்டெல்லா.

அடுத்த தடவை பெட்டியை மூடாமல் படம் எடுத்து ஜெனிக்கு அனுப்பினோம். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லையாம். புதுசாக மாறினபோது டிவிடி ஓட்டுகிற பிளேயர் கழன்றுவிட்டதாம். இலவசமாகவே வேறொன்று கிடைக்கும் என்றாள். இறக்கினோம். ஆரஞ்சுக் கலரில் ஒரு கூம்புப் படம் வந்தது.

"ரோட்டுல குழி தோண்டுனா வைக்கிற கூம்புலா இது" என்று அந்தோணி சந்தேகப்பட்டார். ஆனால் அது கேள்வி கேட்டது. நான் சரியை அமுக்கினேன்.

ஓடியது. கோயில் வாசல், மாலை, பாட்டு. பாட்டு முடிந்தது. அம்மா கேமராவைப் பார்த்து, கேமராவை இல்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஏலே, லைட்ட இறக்கு. பிள்ளைக்கு வேர்க்கு பாரு."

அம்மா பேசியது என்னிடம் என்று நான் சொல்வேன். தன்னைப் பற்றித்தான் என்று ஸ்டெல்லா சொல்வாள். வருஷா வருஷம் இந்தச் சண்டை உண்டு. ஆனால் அம்மா சொல்லி முடிக்கும்முன் திரையில் அவள் முகம் இருட்டாகிவிடும். அம்மா சொன்ன உடனே நான் லைட்டை இறக்கிவிட்டேன். அவள் சொல்லி நான் உடனே கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இந்த பிளேயரில் வெளிச்சத்தைக் கூட்டலாம் என்று போனில் ஜெனி சொன்னாள். ஜெயராணி அக்கா நாற்காலிப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அந்தோணி பின்னால் ஓட்டி, அம்மா பேசுகிற இடத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கறுப்பு சாம்பலானது. சாம்பல் வெளுத்தது. மூக்குத்தி மாதிரி ஏதோ மின்னியது என்றாள் ஸ்டெல்லா. எனக்குத் தெரியவில்லை. அதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது.