ரங்காத்தாள் பார்த்துக் கொடுத்த சோலார் வீடு

ஜனனியும் பரணியும் பெருமாநல்லூரில் வீடு வாங்கப்போகிறார்கள், அதுவும் மாடியில் சோலார் போட்ட வீடு என்று கேள்விப்பட்ட அன்று ரங்காத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை.

ரங்காத்தாளும் ஜனனியும் ஓரகத்திகள். மூத்தவன் தனபாலைக் கட்டியவள் ரங்காத்தாள், தம்பி பரணியைக் கட்டியவள் ஜனனி. கல்யாணமான புதிதில் நால்வரும் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரே வாடகைக் கட்டடத்தில் இருந்தார்கள். கீழே தையல் மெஷின்கள், மேலே குடித்தனம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுத்தார்கள். பிறகு பரணி, பனியன் மொத்த வியாபாரம் நடக்கும் காதர்பேட்டையில் தனியாகக் கடை பிடித்தான். வடக்கிலிருந்து வரும் வியாபாரிகளோடு பழகிப் பழகி இந்தி கற்றுக்கொண்டான். வியாபாரம் ஏறியது. தனபால் அதே மெஷின்களோடு அதே கட்டடத்தில் இருந்தான்.

இரண்டு வீட்டுக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. அதுதான் ரங்காத்தாளுக்குக் கஷ்டமாக இருந்தது. சண்டை இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். ஜனனியோ எதை வாங்கினாலும் முதலில் அக்காவிடம்தான் கொண்டுவந்து காட்டுவாள். கார் வாங்கியபோது முதலில் ஏற்றிக்கொண்டு போனதும் ரங்காத்தாளைத்தான். சீட்டின் பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்காத அந்தக் காரில் சிவன்மலை போய்த் திரும்பும்வரை ரங்காத்தாள் வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்கு, குமட்டுகிறது என்று சொல்லிச் சமாளித்தாள்.

இப்போது வீடு. வீடு என்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். கரண்ட் பில்லே வராத வீடு என்று ஜனனி போனில் சொன்னதுதான் உள்ளே போய்க் குத்தியது. நெருப்பெரிச்சலில் கோடை வந்தால் ஏசியைப் போடுவதா வேண்டாமா என்று அவளுக்கும் தனபாலுக்கும் தினம் ஒரு பேச்சு நடக்கும்.

"ஞாயித்துக்கிழமை நீங்க வந்து பாக்கோணுமுங்க்கா. நீங்க சரின்னு சொன்னாத்தான் அட்வான்ஸ் குடுப்பம்," என்றாள் ஜனனி.

என் வயிறு எரிவதைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறாள் என்று ரங்காத்தாள் முடிவுகட்டினாள். சரி, போவோம். போய் அந்த வீட்டில் என்னென்ன ஓட்டை இருக்கிறதோ அத்தனையையும் தோண்டி எடுத்து, இது வேண்டாம் என்று ஜனனி வாயாலேயே சொல்ல வைப்போம்.

நாச்சிமுத்து என்று தனபாலுக்கு ஒரு சிநேகிதர். நிட்டிங் கம்பெனிகளின் கூரைகளில் சோலார் பொருத்துவது அவர் தொழில். சனிக்கிழமை அவர் வந்தபோது ரங்காத்தாள் டீ வைத்துக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். பழைய சோலாரோடு ஒரு வீடு வாங்கினால் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டாள். அவர் சோலாரின் நன்மையிலிருந்து ஆரம்பித்தார்.

"நல்லதெல்லாம் வேண்டாமுங்க. என்னென்ன கெட்டுப்போகும், அத மட்டும் சொல்லுங்க," என்றாள்.

நாச்சிமுத்து சிரித்துவிட்டு, டீ ஆறியதுகூடத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனார். ரங்காத்தாள் பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தனபாலையும் சேர்த்து நால்வரும் பெருமாநல்லூர் போனார்கள். வீட்டுக்காரர் ஆத்தப்பன் நூல் வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். மகனோடு இருப்பதற்காகக் கோயமுத்தூர் போகிறார். வாசலுக்கே வந்து, வாங்க சாமி என்று எல்லாரையும் அழைத்தார். வீடு பெரிது. காற்று வந்தது. கிணற்றடியில் இரண்டு தென்னைகள் காய்த்துத் தொங்கின. சமையலறையில் ஜனனி நின்று ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள். இங்கே இவள் நின்று சமைப்பாள் என்று நினைத்ததுமே ரங்காத்தாளுக்கு நெஞ்சில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல இருந்தது. மாடிக்குப் போகலாம் என்றாள்.

பேனல்கள் இரண்டு வரிசையாக, கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தன. அவளுக்கு ஏமாற்றமாகிவிட்டது. குனிந்து ஒவ்வொரு பேனலையும் தலை சாய்த்துப் பார்த்தாள். கீறல் இல்லை, பழுப்புக் கோடு இல்லை. தாங்கி நிற்கும் இரும்புக் கால்களைத் தடவினாள். துரு இல்லை. பரணி, அண்ணிக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது என்று ஜனனியிடம் மெதுவாகச் சொல்வது காதில் விழுந்தது.

இன்வெர்ட்டர் மாடிப்படி ஓரம் சுவரில் இருந்தது. நேற்று எத்தனை யூனிட் வந்தது என்று காட்டச் சொன்னாள். ஆத்தப்பன் பொத்தானை அழுத்தினார். ஒன்பது யூனிட் என்று வந்தது. முந்தின நாளும் ஏறக்குறைய அதேதான். அஞ்சு கிலோவாட் போட்ட வீட்டில் இந்த வெயிலுக்கு இருபதாவது வர வேண்டும் என்று நாச்சிமுத்து சொல்லியிருந்தார்.

ரங்காத்தாளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

"பாதிக்கும் கம்மியா வருதுங்களே," என்றாள் ஆத்தப்பனிடம்.

அவர் ஏமாற்றுகிற மனிதர் இல்லை. போன மழைக்காலத்தில் பெரிய இடி இடித்ததிலிருந்து இப்படித்தான் என்றார். ஒரு வரிசை வேலை செய்யவில்லையோ என்று அவருக்கே சந்தேகம். ஆனால் பில் வராததால் விட்டுவிட்டார்.

"ஊட்டுல எத்தன பேருங்க?"

"நானும் என்ற சம்சாரமுந்தான் சாமி. ஏசியும் கெடையாது. அவளுக்கு ஏசி ஒத்துக்காது."

ரங்காத்தாள் திரும்பி ஜனனியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த சந்தோஷத்தை அவளால் மறைக்க முடியவில்லை. பில் வராதது சோலாரால் மட்டும் அல்ல, இரண்டு பேர் ஒரு ஃபேனில் குடித்தனம் செய்ததாலும்தான். ஜனனி வீட்டில் மூன்று அறைக்கும் ஏசி, இரண்டு பிள்ளைகள், எந்நேரமும் ஓடும் வாஷிங் மெஷின். இதை அவள் சொல்லச் சொல்ல ஜனனியின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

அதோடு விடவில்லை. மேற்கே கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். பக்கத்துக் காலியிடத்தில் தூண்களுக்குக் கம்பி கட்டியிருந்தார்கள். யார் கட்டுகிறார்கள் என்று கேட்டதற்கு, ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி வேலையாட்கள் தங்குவதற்கு மூன்று மாடி கட்டுகிறது என்றார் ஆத்தப்பன். மூன்று மாடி எழும்பினால் மதியத்துக்குமேல் பேனலில் நிழல்தான் விழும். கீழே இறங்கியதும் நேராகப் பேனலுக்கு அடியில் இருக்கும் படுக்கையறைக்குப் போனாள். சுண்ணாம்பு புதிது. நாற்காலி போட்டு ஏறி, மேல்மூலையில் நகத்தால் சுரண்டினாள். காரை பொடிப்பொடியாக உதிர்ந்தது. மாடியில் பேனலின் இரும்புக் கால்களைப் பதிக்கத் தளத்தைத் துளைத்த இடத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது. மீட்டர் யார் பேரில் என்று கேட்டாள். காலமான அண்ணன் பேரில் என்றார். பொருத்தின கம்பெனி இருக்கிறதா என்று கேட்டாள். மூடிவிட்டார்கள் என்றார். பாவம், கடைசியில் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும்போது காரில் ஜனனியும் பரணியும் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ரங்காத்தாளுக்கு மட்டும் பாட்டு முணுமுணுக்க வேண்டும்போல இருந்தது. நெருப்பெரிச்சலில் இறங்கும்போது ஜனனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. இத்தனை செய்தும் ஏன் இன்னும் தன் மனசு நிறையவில்லை என்று ரங்காத்தாளுக்குப் புரியவில்லை.

அந்த வீடு போய்விட்டது என்றுதான் அவள் நினைத்தாள். நடந்தது வேறு. ரங்காத்தாள் சொன்ன ஒவ்வொன்றையும் மனதில் வைத்துக்கொண்டு பரணி மறுபடி ஆத்தப்பனிடம் போனான். அவரும் மறைத்து விற்க நினைத்தவர் இல்லை, யாராவது கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன் என்றார். நாச்சிமுத்துவையே கூட்டிப்போய்ப் பார்த்தார்கள். இடியில் கருகிய இணைப்பை மாற்றியதும் செத்துக்கிடந்த வரிசை உயிர்பெற்றது. பேனல்களை நிழல் எட்டாத கிழக்கு ஓரத்துக்கு நகர்த்தினார்கள். தளத்தை அடைத்தார்கள். வாரிசுகளிடம் கையெழுத்து வாங்கி மீட்டரை ஆத்தப்பன் தன் பேருக்கு மாற்றிய பிறகே கிரயம் நடந்தது. விலையும் நன்றாகக் குறைந்தது.

பால் காய்ச்சும் அன்று ஜனனி ரங்காத்தாளை முன்னால் நிறுத்தினாள். வந்தவர்களிடமெல்லாம், "எல்லாம் அக்கா கண்ணுல பட்டதாலதானுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரங்காத்தாளுக்கு அந்த வார்த்தை ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது. கும்பிடு போட்டவர்களுக்குத் திரும்பக் கும்பிடு போட்டாள். சாப்பிட்டதும் தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் தனபாலிடம் சொல்லிவிட்டாள்.

"நா அவளுக்கு நல்லது பண்ணலாம்னு போகலீங்க. அவ வாங்கக் கூடாதுன்னு போனேன்."

தனபால் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியும். நீ நாற்காலி போட்டு ஏறுனியே, அப்பவே தெரியும்," என்றான். பிறகு அவனே சொன்னான், "எனக்கும் பரணி மேல அப்படித்தான். அவன் கடை தொறந்தப்ப இருந்தே. என்ன பண்றது, கூடப் பொறந்தவனாப் போயிட்டான்."

அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருமென்று அவள் நினைத்ததே இல்லை. அன்றைக்கு ஊர் வந்து சேரும்வரை இருவரும் பரணியையும் ஜனனியையும் பற்றி மனசு விட்டுப் பேசினார்கள். நல்லது ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது இருவருக்கும் பாரம் குறைந்திருந்தது.

அடுத்த வருஷம் தனபாலுக்கு ஒரு கம்பெனியிலிருந்து நிலையான ஆர்டர் கிடைத்தது. பேங்க் லோனும் கைகூடியது. நெருப்பெரிச்சலிலேயே ஒரு சின்ன வீடு பார்த்தார்கள். பழையதுதான் என்றாலும் மாடியில் சோலார் இருந்தது. ரங்காத்தாள் ஜனனியைக் கூப்பிட்டாள். அவள் வந்து நின்று வயிறெரிய வேண்டும் என்று ஆசைதான். அது அவளுக்கே தெரியும்.

ஜனனி ஒவ்வொரு அறையாகப் போனாள். சுவரைத் தொட்டாள், மாடிக்கு ஏறினாள், பேனல்களைச் சுற்றி வந்தாள்.

"எல்லாமே அருமையா இருக்குதுங்க்கா. கண்ண மூடிட்டு வாங்கிக்குங்க," என்றாள். முகத்தில் சந்தோஷத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ரங்காத்தாள் தேடித் தேடிப் பார்த்தாள். துளிகூட இல்லை.

அவளுக்கு அழுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. பொறாமைப்படத் தெரியாத இவளை நம்பி ஒரு வீட்டைப் பார்க்கச் சொல்ல முடியுமா? ஜனனியைக் கீழே அனுப்பிவிட்டு ரங்காத்தாள் தனியாக மாடியில் நின்றாள். எங்கே பார்த்தாலும் தன் வீடு, தன் வீடு என்று மனசு இளகியது. ஒரு குறையும் கண்ணில் படவில்லை. பிறகு கண்ணை மூடி, இது ஜனனி வாங்கப்போகிற வீடு என்று நினைத்துக்கொண்டாள். மெதுவாக உள்ளே காந்த ஆரம்பித்தது. கண்ணைத் திறந்தாள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் முதல் பேனலின் ஓரத்தில் விழுந்திருப்பது இப்போது தெரிந்தது. ஒரு ஒயரின் மேல்தோலை எலி கடித்திருந்தது.

தொட்டியை நகர்த்திக் கொடுத்து, ஒயரையும் மாற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னார்கள். ஒத்துக்கொண்டார். ஆவணியில் குடிபோனார்கள்.