மணம் தெரியாத அப்பாவும் மீன் பார்க்கும் போனும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. கையில் ஒரு கிலோ பாறை மீன். என் வீட்டு வாசலில், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி நின்றேன்.

என் மனைவி செல்வி பையை வாங்கினாள். பிரித்தாள். மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள்...

சிரிக்காதீர்கள் பிள்ளைகளே! எனக்கு வாசனை தெரியாது. முன்பு வந்த ஒரு காய்ச்சல், போகும்போது என் மூக்கின் வேலையையும் கூடவே கொண்டுபோய்விட்டது. மல்லிகையும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். நான் மில்லில் பிட்டர், மோட்டார், மிஷின் பழுது பார்க்கிறவன். மோட்டார் கருகினால்கூட, பக்கத்தில் நிற்கிறவர் கத்தினால்தான் தெரியும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். மீனை?

ஒரு மாதம் முன்பு, செல்வி சேத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நாளில், ரோட்டோரக் கடை ஒன்றில் சூரை மீன் வாங்கினேன். செவுளைத் தூக்கிப் பார்த்தேன். ரத்தச் சிவப்பு! நல்ல மீன் என்று நானே குழம்பு வைத்தேன். புளியும் மசாலாவும் போட்டுக் கொதிக்கவிட்ட பிறகு யாருக்கு என்ன தெரியும்?

மறுநாள் என் மகள் மலருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கோ-கோ போட்டி. எட்டாம் வகுப்பு. அணியிலேயே அவள்தான் வேகம். போட்டி நடந்துகொண்டிருந்தபோது, ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அவள் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மற்ற பிள்ளைகள் அவள் இல்லாமல் ஆடினார்கள். தோற்றார்கள்.

மலர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு வீட்டில் மீன் என்றாலே ஒரு கேள்விதான்.

"அப்பா வாங்குனதா? எனக்கு ரசம் போதும்."

இதை மில்லில் என்னோடு வேலை பார்க்கும் காஜா பாயிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் மகள் சபீனா கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறாள். விஷயம் அவள் காதுக்குப் போனது. போனில் கூப்பிட்டாள்.

"மாமா, அந்தக் கடையில மேல என்ன கலர் தார்ப்பாய் கட்டியிருந்தாங்க?"

யோசித்தேன். "சிவப்பு."

"அம்புட்டுதான்! அதுக்குக் கீழ வெள்ளரிக்காயை வச்சாலும் செவந்துதான் தெரியும். எங்க மிஷினும் மொதல்ல இதே தப்பைத்தான் பண்ணுச்சு மாமா."

மிஷினா? என்னை மாதிரியே ஏமாந்த மிஷினா? அதைப் பார்க்காமல் விடலாமா! போன ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், சபீனா மீன் படம் எடுக்கும் ராஜபாளையம் மார்க்கெட்டில் ஆஜரானேன்.

மிஷின் என்றால் பெரிய இரும்பு எதுவும் இல்லை. அவள் கையிலிருந்த போன்தான். காலேஜ் புராஜெக்டுக்காக அவளும் கூடப் படிப்பவர்களும் அதற்கு மீன் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். மீனின் கண்ணையும் செவுளையும் படம் எடுத்தால் போதும். புதுசு என்றால் பச்சை, நேற்றையது என்றால் மஞ்சள், கெட்டது என்றால் சிவப்பு... ஒரு வட்டம் வருகிறது.

எப்படித் தெரிகிறது அதற்கு? நீங்கள் அ, ஆ படித்த மாதிரிதான். ஒரே மீனைக் காலையில், மதியம், சாயங்காலம், மறுநாள் என்று படம் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். கண் தெளிவாகப் புடைத்திருந்தால் புதுசு. கலங்கிக் குழிந்தால் பழசு. ஒவ்வொரு படத்தோடும் பதிலையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தார்ப்பாய் ஏமாற்றியது தெரிந்ததும், மீனை வெயில் வெளிச்சத்தில் ஒரு வெள்ளை அட்டை மேல் வைத்து எடுக்கப் பழகியிருக்கிறார்கள்.

மார்க்கெட்டில் மீன் விற்கும் பேச்சியக்கா கடையில் அட்டையை விரித்தாள் சபீனா.

"வந்துட்டா! என் மீனுக்கு ஆதார் கார்டு எடுக்கத்தான் வாரா!" என்றார் பேச்சியக்கா.

"சிரிச்ச முகமா இருக்கிற மீனா எடுத்துக் குடுங்க அத்தை."

இரண்டு பாறை மீனை எடுத்து வைத்தார். "தம்பி, நீங்க ஒண்ணு எடுங்க பாப்போம்."

நான் செவுள் அதிகம் சிவந்திருந்ததைத் தொட்டேன். அந்தக் கடையிலும் மேலே சிவப்புத் தார்ப்பாய்தான், அதன் சாயல் அந்த மீன் மேல்தான் அதிகம் விழுந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை! சபீனா இரண்டையும் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்தாள். நான் தொட்டதற்கு மஞ்சள் வட்டம். மற்றதற்குப் பச்சை.

பேச்சியக்கா சிரித்தார். "போன் சொல்லுதது நெசந்தான். அது நேத்து ஐஸ்ல கெடந்த மீனு. கெட்டுப்போகல, ஆனா புதுசு இல்ல."

எனக்கு ஆச்சரியம். "யக்கா, உங்க மீனை நீங்களே பழசுன்னு சொல்லுதீகளே?"

"இந்தப் புள்ளை நாலு மாசமா வந்து இது எப்ப வந்த மீனு, அது எப்ப வந்த மீனுன்னு கேட்டு எழுதிட்டுப் போகுது. நான் பொய் சொன்னா, மிஷின் பொய்யைத்தானே தம்பி படிக்கும்?"

அந்த இடத்தில் போனையும் பார்த்தேன், பேச்சியக்காவையும் பார்த்தேன். எதைப் பார்த்து அதிகம் வியப்பது? அத்தனை படத்தையும் ஞாபகம் வைத்து ஒரு நொடியில் சொல்கிறதே, அது பெரிய வித்தைதான். ஆனால், தன் வியாபாரம் கெடுமோ என்று பார்க்காமல் ஒவ்வொரு மீனுக்கும் இந்த அக்கா உண்மையைச் சொல்லியிருக்காவிட்டால், அந்த வித்தைக்கு என்ன தெரிந்திருக்கும்?

"மிஷினும் சில நேரம் தப்பாச் சொல்லும் மாமா. அத்தை மூக்கையும் சேத்துக்கிட்டா நல்லது," என்றாள் சபீனா. அக்கா முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார். பச்சை வட்ட மீனை வாங்கினேன்.

இப்போது வாசலுக்கு வருவோம். செல்வி முகர்ந்தாள். ஒரு தடவை... இரண்டு தடவை...

"நல்ல மீனுங்க," என்றாள்.

மலர் சமையலறைக் கதவோரம் நின்றிருந்தாள். "யாரு பாத்து வாங்குனது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான் எடுத்தது தப்பாப் போச்சு. போன் பாத்துச்சு, பேச்சியக்கா மோந்து சொன்னாக. நான் தூக்கிட்டு வந்தேன்."

மதியம் எல்லோரும் உட்கார்ந்தோம். ரசக் கிண்ணம் அவள் பக்கத்திலேயே இருந்தது. அதை ஓரமாகத் தள்ளினாள். பிறகு தட்டை நீட்டினாள்.

"ம்மா, எனக்கு வால் துண்டு."

குழம்பு தெரு வரைக்கும் மணத்ததாம். எனக்கு அது மலரின் தட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது – முள் மட்டும்தான் மிச்சம்!