மல்லிகாவின் மெல்லிய பேச்சு

"ஆள் சொஃப்ட்-ஸ்போக்கனா?"

போன வாரம் போனில் இப்படிக் கேட்டவர், கேகாலையில் ஒரு முதியோர் இல்லத்தின் மேட்ரன். கேட்டது எங்கள் பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) மல்லிகாவைப் பற்றி. விடாத மழை, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை. அடுப்பு எரிய அவளுக்கு இந்த வேலை வேண்டும். சிபாரிசுக்கு என் பெயரைக் கொடுத்திருந்தாள் – யட்டியாந்தோட்டையில் என் இங்கிலீஷை நம்புகிற ஒரே ஜீவன்!

"வெரி சொஃப்ட்-ஸ்போக்கன், மேடம்!" என்றேன்.

அந்நேரம் மல்லிகா என் வாசலில் நின்று, எதிர்மலையில் இருக்கிற தங்கச்சியிடம் என்ன குழம்பு என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். போன் இல்லாமல்.

இன்டர்வியூவுக்குக் கூட்டிப்போகையில் பஸ்ஸிலேயே பாடம் எடுத்தேன். "சொஃப்ட்-ஸ்போக்கன்னா சத்தமே வராமப் பேசுற ஆளு. அங்க வந்து கத்திறாத, தாயே!"

"நான் எப்பண்ணே கத்துனேன்?"

டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

அங்கே பெரியவர்கள் படுத்திருக்கிற வார்டிலேயே இன்டர்வியூ. மல்லிகா உதட்டை மட்டும்தான் அசைத்தாள். மேட்ரன் குனிந்து குனிந்து கேட்டார். கடைசியில் என்னிடம், "இவங்களுக்குத் தொண்டையில ஏதும் வருத்தமா?" என்றார். வேலை கைநழுவுவது எனக்கே தெரிந்தது. எல்லாம் என் கோச்சிங்!

பக்கத்துக் கட்டிலில் காது மந்தமான ஒரு சிங்களப் பெரியவர். தட்டில் சோறு ஆறிக்கிடந்தது. யார் பேசினாலும் சுவரையே பார்ப்பாராம். மல்லிகாவுக்குப் பொறுக்கவில்லை.

"சீயா! பத் கேவே நெத்த?"

தாத்தா, சோறு சாப்பிடலையா... அவ்வளவுதான் கேட்டாள். ஜன்னல் அதிர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தால் – பெரியவர் சிரிக்கிறார்! மீன் இல்லாமல் இறங்காதாம்.

"மீனு நாளைக்கு வாங்குவோம். இன்னைக்கு எனக்காக ரெண்டு வாய், என் ராசா" என்று சிங்களத்தில் அதே சத்தத்தில் சொல்லிக்கொண்டே ஊட்டினாள். அதட்டவில்லை. அவசரப்படுத்தவுமில்லை.

குரலைத் தாழ்த்தியே ஆளைக் கொல்கிறவர்கள் இல்லையா, என்ன? தோட்டத்து ஆபீஸில் அப்படி நானே வாங்கிக்கட்டியிருக்கிறேன். சொஃப்ட்-ஸ்போக்கன் என்பது சத்தத்தின் அளவு அல்ல போலிருக்கிறது; சொல் போய்ப் படுகிற விதம். இத்தனை வருஷமாக இந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டுதான் நான் ஊருக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

நேற்று மல்லிகா போன் பண்ணினாள்.

"அண்ணே, வேலை கெடச்சிருச்சு!"

போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துத்தான் கேட்டேன். அவ்வளவு சொஃப்ட்!