பேச்சு வராத மகளோடு ஞாயிறுதோறும் விழுப்புரத்துக்கு

மயிலம் கோயிலுக்குப் போகும் வழியைப் பற்றி நான் எழுதிய பதிவின் கீழே ஒரு தாயார் கேட்டிருந்தார்: "என் மகனுக்கு மூன்று வயது, பேச்சு வரவில்லை. பயிற்சிக்கு வாராவாரம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகச் சொல்கிறார்கள். சின்னக் குழந்தையோடு அது முடியுமா?"

முடியும் அம்மா. அறுபதுகளின் தொடக்கத்தில் நானும் என் மனைவியும் அதே வழியில், அதே காரணத்துக்காக இரண்டு வருடம் போய் வந்தோம். எனக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. நேரக் கணக்கில் பத்து நிமிடம் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மில்லில் குமாஸ்தா. (நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர்.) மனைவி பவுனாம்பாள், எல்லோருக்கும் பவுனு. ஒரே மகள் மல்லிகா. மூன்று வயதாகியும் அவளிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. சிரிப்பாள், அழுவாள், வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவாள், அவ்வளவுதான். நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்தோம். மயிலத்தில் மொட்டை போட்டோம். "நம்ம பெரியப்பாவே அஞ்சு வயசுலதான் பேசினாரு, பேசாம இரு" என்றார் என் அண்ணன். நானும் அவர் கட்சிதான். காத்திருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

பவுனு காத்திருக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருவர் அவளிடம் சொல்லியிருந்தார்: விழுப்புரத்தில் ரயில்வே கார்டு ஒருவரின் மனைவி, ஸ்டெல்லா டீச்சர், கல்யாணத்துக்கு முன் மதராஸில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவராம், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்க்கிறாராம். அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை.

"அங்கல்லாம் இட்டுக்கினு போனா ஊரே நம்ம பொண்ண ஊமைன்னு சொல்லும். நாளைக்கு எவன் கட்டிக்குவான்?"

"இப்ப பேச வைக்கலன்னா நாளைக்கு அது என்னா பண்ணும் மாமா? இவரு வர்லன்னாலும் நான் போறேன்" என்றாள் பவுனு. அதுவரை அண்ணனுக்கு எதிரில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

முதல் பயணம் மாசி மாதம். காலை ஆறு இருபதுக்குத் திண்டிவனத்தில் பாசஞ்சர். விழுப்புரம் முப்பத்தேழு கிலோமீட்டர். எல்லா நிலையத்திலும் நின்று போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கரி எஞ்சின் காலம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். மல்லிகாவோ நகர மறுத்து, இரண்டு உள்ளங்கையையும் ஜன்னல் கம்பியில் பதித்து வண்டியின் அதிர்வை ரசித்துக்கொண்டு வந்தாள். பவுனு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தூங்கிவிட்டேன்.

ஸ்டேஷனிலிருந்து ரயில்வே குவார்ட்டர்ஸ் நடந்தால் கால் மணி நேரம். குதிரை வண்டிக்கு அவசியமே இல்லை. டீச்சருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உருவம், பெரிய கண்ணாடி. எங்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்தார். ஒரு தகர டப்பாவையும் ஒரு கை மல்லாட்டையையும் எடுத்துவைத்தார். ஒரு பருப்பை டப்பாவில் போட்டுவிட்டு மல்லிகாவின் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார். ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும். பிறகு மல்லிகா ஒன்றைப் போட்டாள். டீச்சர் ஒன்று, அவள் ஒன்று. டப்பா நிறைந்தபோது அவள் டீச்சர் மடியில் சாய்ந்திருந்தாள்.

விளையாட்டு நடக்கும்போதே டீச்சரின் கணவர் சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்று ஒரு சின்ன மணியை ஆட்டினார். மல்லிகா திரும்பவில்லை. அடுத்து ஒரு மேளத்தைத் தட்டினார். சட்டென்று திரும்பினாள். பவுனு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அழாதீங்க. கொஞ்சம் கேக்குது, கொஞ்சம் கேக்கல" என்றார் டீச்சர். "கேக்குறத வச்சிக்கினு வேலை பண்ணலாம். மூணு வயசுலயே கொண்டாந்திருக்கீங்களே, அதே பெரிய விஷயம். எங்கிட்ட வர்ற பசங்க பாதிப்பேரு ஏழு, எட்டு வயசு ஆனப்புறம்தான் வர்றாங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டேன்: "எப்ப டீச்சர் பேசுவா?"

"அத என்னால சொல்ல முடியாது சார். ஆனா இப்ப உங்க சட்டைய மூணு தடவ இழுத்தாளே, எதுக்குன்னு பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. மூலையில் ஒரு கூஜா இருந்தது. குழந்தைக்குத் தாகம்.

"அவ கேட்டத நீங்க கவனிச்சாத்தான் மறுபடி கேப்பா. கூஜாவ உங்க முகத்துகிட்ட தூக்கி, தண்ணின்னு சொல்லி, அப்புறம் குடுங்க. கீழ உக்காருங்க சார், மேல இருந்தா உங்க வாய் அவளுக்குத் தெரியாது."

கூச்சத்தில் நான் உட்காரவில்லை. பவுனு உட்கார்ந்தாள். மகளின் கையைத் தன் தொண்டையில் வைத்து "தண்ணி" என்றாள். அதிர்வு கைக்குத் தெரிந்ததும் மல்லிகா கண்ணை அகல விரித்தாள்.

பவுனுவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன என்று கேட்டேன். "டீச்சர் சொன்னத மறந்துடக் கூடாதில்ல, சொல்லிப் பாத்துக்கினு வர்றேன்." அன்று முதல் வீட்டில் எந்த வேலையானாலும் நிறுத்திவிட்டு மகளுக்கு நேராகக் குந்துவாள். முகம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். பொருளைக் காட்டிப் பெயரைச் சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணுவாள். அந்தப் பத்துதான் கடினம். நானாக இருந்தால் மூன்றிலேயே மறுபடி பேசிவிடுவேன். நாளுக்கு நாற்பது ஐம்பது தடவை இது நடந்தது. அண்ணி சிரித்தாள், அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

ஆறு வாரம் நான் பை தூக்கிப் போனேன். ஏழாவது வாரம் பவுனுவுக்குக் காய்ச்சல். மகளை நான் மட்டும் கூட்டிப்போனேன், தரையில் உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை. டீச்சர் மல்லிகாவின் விரல்களை என் தொண்டையில் வைத்தார். "அப்பா" என்றேன். அவள் என் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

ஐந்தாறு மாதத்தில் விளையாட்டுக்கு நடுவே "ப்பா", "ம்மா" என்று சத்தம் வர ஆரம்பித்தது. தொண்டையில் கை வைத்தால்தான் வரும். தானாகக் கூப்பிட்டதில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. மழை. மாலை மூன்று மணி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். கூட்டேரிப்பட்டில் ஐந்து நிமிடம் நிற்கும் என்று கண்டக்டர் சொன்னார். அங்கிருந்து திண்டிவனம் பதினான்கு கிலோமீட்டர். வேகவைத்த மல்லாட்டை வாங்க இறங்கினேன். கடையில் கூட்டம். பொட்டலத்தோடு திரும்பிப் பார்த்தால் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. ஓடினேன். நான் கத்தியது எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. இருபது கஜம் போயிருக்கும். கண்டக்டரின் விசில் கேட்டது, பஸ் நின்றது.

கண்டக்டர் கதவைத் திறந்து கை கொடுத்தார். "ஜல்தியா ஏறுங்க சார். உங்க பொண்ணு அப்பா அப்பான்னு கத்திக்கினு கீது, நீங்க பாட்டுக்கு நிக்கிறீங்களே."

நான் உள்ளே பார்த்தேன். பவுனு மழையில் நனைந்தவள் போல் அழுதுகொண்டிருந்தாள். மல்லிகா பின் கண்ணாடியை இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். மகள் முதல்முதலில் தானாக என்னைக் கூப்பிட்டது என் காதில் விழவில்லை. ஆனால் அவளைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு மனிதர் அதைக் கேட்டார், புரிந்துகொண்டு பஸ்ஸை நிறுத்தினார். எனக்கு அது போதும்.

ஆறு வயதில் மல்லிகா சாதாரணப் பள்ளியில் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள், பிறகு தையல் ஆசிரியை ஆனாள். இன்றும் அவளுக்குச் 'ச' சரியாக வராது. என்னைத் திட்ட அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. கல்யாணத்துக்கு ஸ்டெல்லா டீச்சர் வந்தார். அண்ணன்தான் வாசலுக்குப் போய் அவரை அழைத்துவந்து முன் வரிசையில் உட்காரவைத்தார்.

இனி போகிறவர்களுக்கு. இப்போது பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். குழந்தையின் காதைப் பரிசோதிக்கவும், பேச்சுப் பயிற்சிக்கும் அரசு மருத்துவமனைகளிலேயே இடம் இருக்கிறது; விசாரித்துவிட்டுப் போங்கள். பயிற்சிக்கு, குழந்தைக்குப் பசியும் தூக்கமும் வருவதற்கு முந்திய நேரமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரயிலில் குழந்தையின் பக்கத்தில் உட்காராமல், உங்கள் வாய் அதற்குத் தெரிகிற மாதிரி எதிரில் உட்காருங்கள். "அஞ்சு வயசாகட்டும்" என்பவர்களுக்கு மரியாதையாகத் தலையாட்டிவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.

முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள். உடன் வரும் தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை: அந்த அறைக்குள் போனதும் நாற்காலி தேடாதீர்கள். நான் தேடினேன். ஆறு வாரம் போயிற்று.