சூடையில் தொடங்கிய செயற்றிட்டம்

எங்கள் வீட்டில் உயர்தர வகுப்பு வரை வந்த முதல் ஆள் நான். இதை எழுதும்போது இன்னமும் முதுகு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. சண்டைக் காலத்தில் அப்பாவும் அம்மாவும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே வளர்ந்தவர்கள். அப்பாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. மன்னாரில் எங்கள் பள்ளிமுனைக் கரைக்கு வந்து சேரும் எந்த மீனையும் இருவரும் தூரத்தில் நின்று பார்த்தே நல்லதா பழசா என்று சொல்லிவிடுவார்கள். நான் பள்ளிக்கூடப் பையில் கொண்டுவருவதை மட்டும் அவர்களால் அப்படிச் சொல்ல முடியாது.

உயர்தரத்தின் முதல் வருடத்தில் புவியியலுக்கு ஒரு செயற்றிட்டம் தந்தார்கள். மன்னார் தீவின் குடிதண்ணீர் என்று நானே தலைப்பை எடுத்தேன். பள்ளிமுனையிலும் உப்புக்குளத்திலும் வீடு வீடாகப் போய், யாருடைய கிணறு உப்பு, யார் குடிக்க எங்கே அள்ளுகிறார்கள் என்று கேட்டேன். அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உப்புக்குளத்தில் ஒரு வீட்டில் என்னை அரசாங்கக் கந்தோர் ஆள் என்று நினைத்து, கதிரை போட்டு, பிளேன்டீ தந்து, கிணறு வெட்டிய கதையை அடியிலிருந்து சொன்னார்கள்.

கேட்டது எல்லாம் கோப்பில் இருந்தது. இனி எழுதுவதுதான் பாக்கி. அங்கேதான் நின்றுபோனேன்.

மேசையில் உட்காருவேன். எல்லாத் தாள்களுக்கும் சிவப்புப் பேனையால் ஓரக்கோடு போடுவேன். தலைப்பை எழுதி, எழுத்து சரிந்துவிட்டது என்று வேறு தாள் எடுப்பேன். முதல் வரிக்குப் பேனையைக் கொண்டுபோனதும் வயிற்றுக்குள் நண்டு நடக்கத் தொடங்கிவிடும். உடனே எழும்பிப் போய் முற்றம் கூட்டுவேன், காய்ந்த உடுப்பை மடிப்பேன், மடித்ததைத் திரும்ப மடிப்பேன். வகுப்பில் மற்றவர்களுக்கு எழுதியதைப் பார்த்துத் திருத்த அண்ணனோ அக்காவோ இருந்தார்கள். எனக்கு இல்லை. நான் பிழையாக எழுதினால் எங்கள் வீடு முழுக்கப் பிழையாக எழுதியது போலாகிவிடும் என்று பயந்தேன்.

"செயற்றிட்டம் தராத ஆக்களின்ர சோதனை விண்ணப்பத்தில அதிபர் கையெழுத்து வைக்கமாட்டார். பிறகு வந்து அழக்கூடாது," என்று டீச்சர் சொல்லியிருந்தார். அந்தப் பள்ளித் தவணையின் முடிவுதான் கடைசி நாள். அதைக் கேட்ட நாளிலிருந்து முற்றம் இன்னும் துப்புரவானது.

வீட்டில் யாரும் என்னை ஏசவில்லை. பிள்ளை படிக்கிறாள் என்று அப்பா கிரிக்கெட்டைச் சத்தம் இல்லாமல் பார்த்தார். விக்கெட் விழுந்தால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிப்போய்க் கத்திவிட்டு வருவார். அந்த அமைதியில் எனக்கு இன்னும் பயம் கூடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த அம்மா, குடையை மடிக்க முதலே அறிவித்தார்.

"பிள்ளை எழுதி முடிக்கிற வரைக்கும் இந்த வீட்டில மீன் சமைக்கிறேல்லை எண்டு மாதாவுக்கு நேர்ந்திட்டன்."

அப்பா கதிரையில் இருந்து எழும்பிவிட்டார்.

"என்னப்பா சொல்லுறீர்? தவக்காலத்தில கூட நாங்கள் இறைச்சியைத்தானே விடுறது? மீனை ஆர் விட்டது?"

"அதுதான் நேர்ச்சை. லேசானதை விட்டா மாதா கேப்பாவா?"

"எத்தினை நாளைக்கு?"

"எழுதுறதுதானே. ஒரு கிழமையில முடியாதா, பிள்ளை?"

நான் "ஓம்" என்றேன். அம்மாவுக்குச் செயற்றிட்டம் என்றால் ஒரு நீளமான கடிதம்.

கிழமை போனது. பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், பிறகு பருப்பு. அப்பா தினமும் கடலுக்குப் போய், மீனைக் கரையில் கொடுத்துவிட்டு, வெறும் கையோடு வீட்டுக்கு வந்து பருப்பைப் பிசைந்தார். சோற்றுக் கோப்பையைப் பார்ப்பார், பிறகு என் மேசையைப் பார்ப்பார். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன மச்சாள், மீன்பிடிக்கிற வீட்டில ஒவ்வொரு நாளும் பருப்பு மணக்குது? மனுசன் கடலுக்குப் போறாரா, தோட்டத்துக்குப் போறாரா?" என்று கேட்டார்.

கடைசியில் அப்பாதான் உடைந்தார்.

"நீர் என்னெண்டு நேர்ந்தனீர்? எழுதி முடிக்கிற வரைக்கும் எண்டா, எழுதத் தொடங்கிற வரைக்கும் எண்டா?"

"முடிக்கிற வரைக்கும்."

"நல்லா ஞாபகப்படுத்திப் பாரும்."

"மாதாவோட பேசினது நான். நீங்கள் வெளியில நிண்டு பீடி குடிச்சனீங்கள்."

அம்மாவுக்கும் மனது கேட்கவில்லை. அன்று பின்னேரமே கோயிலுக்குப் போய், பூசை வைக்கிற சுவாமியைக் கேட்டார். திரும்பி வரும்போது முகம் சிவந்திருந்தது. "சுவாமி சிரிக்கிறார். நேர்ந்தது நீங்கள், மாதாவோட நீங்களே கதைச்சுத் தீர்த்துக்கொள்ளுங்கோவாம். பிள்ளை படிக்கத்தானே நேர்ந்தனீங்கள், அப்பாவைப் பட்டினி போடவோ எண்டும் கேக்கிறார்."

அப்பாவுக்கு உயிர் வந்தது. "அப்ப பங்கு பிரிப்பம்," என்றார். "கடலில ஆர் சீசன் முடியிற வரைக்கும் பங்குக்குக் காத்திருக்கிறது? அண்டண்டைக்குப் பட்டதை அண்டண்டைக்குத்தானே கரையில பிரிக்கிறம். பிள்ளை, உன்ர எழுத்தில எத்தினை துண்டு இருக்கு?"

அத்தியாயங்களைச் சொன்னேன். அப்பா ஒவ்வொன்றுக்கும், அதை எழுதி முடிக்கிற அன்று சமைக்க, ஒரு மீனை வைத்தார். முன்னுரை சின்னதென்றதால் சின்ன மீனான சூடை. தீவைப் பற்றிய பகுதிக்கு ஒட்டி. பகுப்பாய்வுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்றேன்.

"அப்ப அதுக்கு நண்டு. சாப்பிடவும் கனநேரம் எடுக்கும்."

முடிவுரைக்குப் பெரிய மீன், அறக்குளா. அம்மா மாதா படத்துக்கு முன்னால் போய் நின்று, உதடு அசைய ஏதோ பேசிவிட்டு வந்தார். "சரியாம்," என்றார்.

அன்று பின்னேரம் மேசையில் உட்கார்ந்தபோதும் வயிற்றில் நண்டு நடந்தது. ஆனால் கதவடியில் அப்பா நின்றார். கையில் ஒரு பையில் சூடை. சுத்தம் செய்யட்டுமா என்று கண்ணால் கேட்டார். நான் எழுதினேன். 'மன்னார் ஒரு தீவாகும். அதைச் சுற்றிக் கடல் உள்ளது.' எழுதும்போதே வெட்கமாக இருந்தது. நிறுத்தாமல் தாளின் அடிவரை போனேன்.

அம்மா வந்து தாளைத் திருப்பினார். பின்பக்கத்தைச் சுட்டுவிரலால் தடவினார். பேனை அழுந்திய மேடுகள் மேலிருந்து கீழ்வரை இருக்கின்றனவா என்று பார்த்தார்.

"நிறைஞ்சிருக்கு," என்றார். "பொரிக்கலாம்."

அப்பா அன்று சாப்பிட்டதை நான் எந்தக் காலத்திலும் மறக்கமாட்டேன். சூடையை முள்ளோடு கடித்து, கண்ணை மூடி, "நல்ல முன்னுரை," என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அது நல்ல முன்னுரை இல்லை என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுதியதைத் திருத்த யாரும் இல்லையே என்று நான் அழுத வீட்டில், எழுதியதைக் குறை சொல்லவும் யாரும் இல்லை! நான் மோசமாக எழுதலாம். பொரியல் கிடைக்கும். நாளைக்குத் திருத்தலாம். மறுநாள் அந்தப் பக்கத்தை வெட்டி, அடித்து, வேறு தாளில் எழுதினேன். வெறும் தாளில் ஓடாத பேனை, கிறுக்கிய தாளில் ஓடியது.

ஒட்டி வந்தது, போனது. பகுப்பாய்வில் திரும்பவும் நின்றேன். முற்றம் கூட்டத் தும்புத்தடியை எடுத்ததை அப்பா கண்டுவிட்டார். நண்டுகளை உயிரோடு ஒரு வாளியில் போட்டு, என் மேசைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். அவை வாளியைப் பிறாண்டின.

"அப்பா, இதுகளை எடுங்கோ!"

"நீ எழுது, எடுக்கிறன். அதுகளும் உன்னைத்தான் பாத்துக்கொண்டிருக்குதுகள்."

காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு எழுதினேன். உப்புக்குளத்து வீட்டார் கிணற்றைப் பற்றிச் சொன்னதை அவர்கள் சொன்னபடியே முதலில் வைத்தேன். அதிலிருந்து மற்ற வீடுகள் ஒவ்வொன்றாக வந்தன. இருட்ட முதல் வாளி அடுப்படிக்குப் போய்விட்டது.

தவணையின் கடைசி வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் வாங்கி, மற்றவற்றுக்கு மேலே வைத்துவிட்டு, "அடுத்த ஆள்," என்றார். அவ்வளவுதான். வீட்டில் அறக்குளாக் குழம்பு. முதல் கிண்ணம் வேலிக்கு மேலால் மாமிக்குப் போனது. விண்ணப்பத்தில் அதிபர் கையெழுத்து வைத்தார். சோதனை எழுதினேன், பாஸானேன்.

இப்போது யாழ்ப்பாணத்தில் கம்பஸில் படிக்கிறேன். எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படைகள் பெரிதாகிவிட்டன. வயிற்று நண்டு செத்துப்போகவில்லை. அறையைக் கூட்டத் தோன்றும்போது அம்மாவுக்கு அழைப்பேன். போன கிழமையும் அழைத்தேன்.

"எழுதுறியா?"

"ஓம் அம்மா."

"எந்த மீனில நிக்கிறாய்?"

"சூடை."

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "அப்ப தொடங்கிட்டாள். சட்டியை வையும்."