வெள்ளிக்கிழமை பத்தரை மணி

ராட்டினம் சுற்றிப் பம்பாய்க்காரர்களைச் சிரிக்க வைப்பதுதான் எங்கள் கம்பெனியின் தொழில். கோட்டைப் பகுதியில் மூன்றாம் மாடியிலுள்ள அதன் ஆபீசில் மட்டும் யாரும் சிரிக்கக் கூடாது. 'பதினோராம் மரக்குதிரைக்குக் காது உடைந்தது' என்பதைக்கூட இழவுச் செய்தி மாதிரி மூன்று கார்பன் நகலோடு டைப் அடிக்க வேண்டும். தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் நான்கு பேரோடு ஓர் அறை, மூன்று வருஷமாகத் தற்காலிக ஸ்டெனோ, இதுதான் நான். நிரந்தரமானால் திலக் நகரில் கம்பெனி வீடு கிடைக்கும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து மனைவி கோமதியை அழைத்து வரலாம். அதற்கான ஆர்டர், மேனேஜரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

அந்த வாரம்தான் புது ராட்சச ராட்டினத்தின் திறப்பு விழா. வெள்ளிக்கிழமை பத்தரை என்றார் மேனேஜர். பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கிறது. ஊரில் நான் வேலை பார்த்த தாலுகா ஆபீசில், தாசில்தாரே அந்த ஒன்றரை மணி நேரம் முக்கியமான கோப்பைத் தொடமாட்டார்; யாரும் காரணம் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தில் தலைமை விருந்தாளியின் அழைப்பில் என் விரல்கள் பத்தேகால் என்று அடித்துவிட்டன. விரல் மேல் பழி போடுவானேன், நான்தான் அடித்தேன். கம்பெனி ஆட்கள் எப்படியும் முன்னதாகவே வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

விருந்தாளி ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. சரியாகப் பத்தேகாலுக்கு வந்தவர், வரவேற்க ஆளில்லாமல் வெயிலில் நின்று பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். மேனேஜர் மாலையோடு வந்திறங்கியபோது வண்டி கிளப்பிய புழுதிதான் இருந்தது.

திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார். ராகுகாலத்தை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு இந்தியில், "வெள்ளிக்கிழமை பத்தரைக்கும் லோக்கல் ட்ரெயின் ஓடுதே, உங்க மாட்டுங்காக்காரங்க ஏறமாட்டாங்களா?" என்றார்.

ஏறுகிறோம் சார் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவரோ கிண்டல் என்று எடுத்துக்கொண்டு ஆர்டரை ஒரு வருஷம் தள்ளிவைத்தார்.

நடந்ததைக் கோமதிக்கு எழுதினேன், அந்த ஒரு வருஷத்தை மட்டும் விட்டுவிட்டு. "நேரத்த மாத்துனது சரிதான். டைப்புல பிழைன்னு சொல்லாம ஏன் வாயக் குடுத்து மாட்டிக்கிட்டீங்க? நான் எப்பம் கெளம்பட்டும்?" என்று பதில் வந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு எல்லாம் சுலபம். எனக்கு அவள் மேலும் எரிச்சல், மேனேஜர் மேலும் எரிச்சல், என் மேல்தான் அதிகம்.

அடுத்த மாதம் குழந்தைகள் ரயிலுக்குத் தொடக்க விழா. செவ்வாய்க்கிழமை மூன்றரை, நட்ட நடு ராகுகாலம். ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்துக் கொடுத்தேன். விழா நாளன்று, அதே மூன்றரைக்கு, ஆபீஸ் வாசலிலிருக்கும் தபால்பெட்டி முன்னால் நின்றேன். இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கொள் என்று கோமதிக்கு எழுதிய கடிதம் கையில் இருந்தது. நாலரை ஆகட்டும் என்று அதைப் போடாமல் மாடியேறி வந்து உட்கார்ந்தேன்.